வலது பக்கத்துப் பறவை

பல் டாக்டர் வீட்டு மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் டாங்கில் ஒட்டியிருந்த தங்கப் பறவைகள் இரண்டும் ஞாயிற்றுக்கிழமை காலையில் மறுபடியும் பறந்து போயிருந்தன. தெருவில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, ஏனென்றால் இது ஐந்தாவது ஜோடி. முதல் ஜோடி எதிர்வீட்டு மாடித் தண்ணீர்த் தொட்டியில் போய் ஒட்டிக்கொண்டது. இரண்டாவதில் ஒன்று, இஸ்திரிக்காரரிடம் வந்திருந்த வெள்ளைச் சட்டையின் முதுகில் உட்கார்ந்துவிட்டது. சட்டைக்காரர் சண்டைக்கு வருவார் என்று இஸ்திரிக்காரர் பயந்துகொண்டிருக்க, அவரோ இன்னொரு சட்டைக்கும் கிடைக்குமா என்று கேட்டார். மற்றவை தையற்கடைக் கண்ணாடியிலும் பால் பூத்தின் கதவிலுமாக இருந்தன. சுரண்டினால் உரியவில்லை, தடவினால் விளிம்பு தட்டுப்படவில்லை. அந்த வகையில் வேலை சுத்தம் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

வண்டி பிரிட்டிஷ் வண்டி, ஐம்பதுகளில் செய்தது, ஒற்றை சிலிண்டர். தங்கப் பறவையைச் சின்னமாக வைத்திருந்த அந்தக் கம்பெனி எப்போதோ கதவைச் சாத்திவிட்டது. பழைய இரும்புக் கடையிலிருந்து அதைச் சாக்கு மூட்டைகளாக டாக்டர் கொண்டுவந்து இறக்கியபோது அவருடைய ஒரே மகளுக்குப் பதினாறு வயது. பிறவியிலேயே இதயக் கோளாறு உள்ள பெண். ஓடக் கூடாது, மாடி ஏறக் கூடாது. வண்டியில் பின்னால் உட்கார்ந்து போகலாமா என்று அவளே இதய டாக்டரிடம் மல்லுக்கட்டி அனுமதி வாங்கிவந்தாள். ஆற்றுப் பாலம் வரை ஒரே ஒரு தடவை, அவ்வளவுதான் அவள் கேட்டது. வண்டி முடியட்டும், முதல் சவாரி உனக்குத்தான் என்று அப்பா வாக்குக் கொடுத்தார். இரண்டு வருடத்தில் எஞ்சின் உயிர்பெற்றது, டாங்குக்குப் பெயிண்டர் முகம் பார்க்கும்படி கறுப்பு அடித்துக் கொடுத்தார். இப்போதே போகலாமே என்று மகள் செருப்பை மாட்டிக்கொண்டு வந்து நின்றாள். டாங்கில் ஒட்ட வேண்டிய பறவை டீக்கால் மட்டும்தான் பாக்கி என்றார் டாக்டர்.

அதை ஸ்டிக்கர் என்று யாராவது சொன்னால் அவருக்குப் பொல்லாத கோபம் வரும். ஸ்டிக்கர் குழந்தைகள் நோட்டில் ஒட்டுவது. இது தண்ணீரில் ஊறவைத்து, காகிதத்திலிருந்து வழுக்கி டாங்கின் மேல் இறக்கி, அடியில் ஒரு குமிழிகூட இல்லாமல் நீவி எடுத்து, மேலே வார்னிஷ் அடிக்க வேண்டிய சமாசாரம். வண்டி செய்த வருடத்துப் பறவைக்கு வாலில் ஐந்து இறகு, மறு வருடத்துப் பறவைக்கு நான்கு. கீழே கம்பெனிப் பெயரின் எழுத்தைச் சுற்றி ஓடும் கோடு சிவப்பு. தங்கம் என்றால் வெண்கலத் தூளின் தங்கம், மஞ்சள் மை அல்ல. இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று என்று தனித்தனியாக வரும். இரண்டு பறவைகளும் முன்விளக்கைப் பார்த்தே பறக்க வேண்டும். வாயைத் திறந்து வைத்திருக்கும் நோயாளிகளிடம் இதையெல்லாம் விலாவாரியாகச் சொல்லுவார். அவரை மறுத்துப் பேசாதவர்கள் அவர்கள் மட்டும்தான். ஒரு ஜோடியில் இறகு குறைந்தது, ஒரு ஜோடியில் கோடு தடித்தது. எல்லாவற்றையும், தபாலில் அனுப்பிய கடைக்காரருக்கே திருப்பி அனுப்பினார். இப்படியே மூன்றாவது வருடமும் ஓடிப்போயிற்று.

அந்த வருடக் கடைசியில் வந்த உறையில் எல்லாம் சரியாக இருந்தது, ஆனால் இரண்டுமே இடது பக்கத்துப் பறவைகள். கடைக்காரரின் கவனக்குறைவு. டாக்டர் கிளினிக்குக்குப் போயிருந்த மத்தியானத்தில் மகள் கிண்ணத்தில் தண்ணீர் எடுத்து, அவர் செய்வதைப் பார்த்துப் பழகியபடியே இரண்டையும் ஒட்டிவிட்டாள். ஒரு குமிழி இல்லை. ஆனால் வலது பக்கத்துப் பறவை பின் சீட்டைப் பார்த்துப் பறந்தது. டாக்டர் வந்து பார்த்துவிட்டுத் திட்டவில்லை, திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பெயிண்டைக் கரைக்கும் தின்னரில் துணியை நனைத்தார்.

"இருக்கட்டுமேப்பா," என்றாள் மகள். "அது உங்களுக்கு வழி காட்டும். இது என்னைப் பாத்துக்கிட்டே வரும்."

"சரியானது வரட்டும்மா. வந்த அன்னைக்கே போலாம்."

பறவைகள் அன்று பறக்கவில்லை. துணியில் தங்கத் தூளாக வந்தன.

சரியான ஜோடி வந்தபோது, துக்கத்துக்கு எடுத்திருந்த வாடகை நாற்காலிகளை ஆட்கள் வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தபால்காரர் கையெழுத்து கேட்கக் கூச்சப்பட்டு உறையை ஜன்னலில் வைத்துவிட்டுப் போனார். கொடுத்த வாக்கு மட்டும் வீட்டில் மிச்சமிருந்தது. வண்டியை ஒரு குறையுமில்லாமல் முடித்து, பாலம்வரை ஓட்டிப் போய் வந்துவிட்டால் அவள் எங்கிருந்தாலும் மன்னிப்பாள் என்று டாக்டர் நம்பினார். ஒட்டினார். விடிந்ததும் டாங்க் வெறும் கறுப்பாக இருந்தது.

வருடத்துக்கு ஒரு ஜோடி என்று அது வழக்கமாகிப்போனது. வார்னிஷ் சரியில்லாவிட்டால் பறவைகள் போவது சகஜம்தான் என்றார் பழைய வண்டிச் சங்கத்துச் செயலாளர், அவருக்குத் தெரியாத விஷயம் என்று ஒன்று கிடையாது. டாங்கை மறுபடி மறுபடி தேய்த்து அடித்துக் கொடுத்த பெயிண்டர் ஒன்றைக் கவனித்திருந்தார். முதலில் கிளம்புவது வலது பக்கத்துப் பறவை. இடது பக்கத்தது கொஞ்ச நேரம் தயங்கி, டாங்கின் மேலேயே நடந்து பார்த்துவிட்டு, ஜோடி போன பிறகுதான் போகிறது. டாக்டர் இதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மகள் போனதிலிருந்து அவர் மனைவி அந்த வண்டியின் பக்கம் வந்ததே இல்லை. ஐந்தாவது ஜோடி போன அந்த ஞாயிற்றுக்கிழமை, முன்கூட்டியே வரவழைத்திருந்த ஆறாவது ஜோடியை ஊறவைக்கக் கிண்ணத்துடன் அவர் உட்கார்ந்திருந்தபோது அவள் வந்து நிலைப்படியில் நின்றாள்.

"ரெண்டும் முன்னாடியே பாத்தா, பின்னாடி உக்காந்திருக்கிறவளை யாரு பாத்துக்கறது?" என்றாள்.

கிண்ணம் கை தவறிப் போயிற்று. இத்தனை வருடமாக வராத அழுகை டாக்டருக்கு அன்றைக்குத்தான் வந்தது. தெருவே கேட்கும்படி அழுதார். பால் பூத்தில் வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

இடது பக்கத்துப் பறவை இரண்டு வேண்டும் என்று கடைக்காரருக்கு எழுதினார். அவர் எழுத்துப்பிழை என்று எண்ணி, தாமே திருத்தி, இடதும் வலதுமாக ஒழுங்காக அனுப்பிவைத்தார். ஊறவைக்காமல் விட்ட ஆறாவது ஜோடியும் கையில் இருந்ததால் அது நல்லதாகவே போயிற்று. இரண்டு இடதுகளையும் எடுத்து டாக்டர் ஒட்டினார். வலது பக்கத்தில் ஒட்டும்போது ஒரு குமிழி விழுந்தது. மகளுக்கு விழாத குமிழி. அதை அப்படியே விட்டார். மறுநாள் காலையில் இரண்டு பறவைகளும் இருந்த இடத்திலேயே இருந்தன. சாயங்காலம் வண்டி முதல் உதையிலேயே கிளம்பியது.

பாலம்வரை போய்விட்டு அவர் திரும்பி வந்தபோது மனைவி கேட்டருகே நின்றிருந்தாள். எஞ்சினை அணைக்காமலே நிறுத்தினார்.

"பயந்தாளா?"

"இல்ல. இன்னொரு தடவை போலாமாங்கறா."

மனைவி உள்ளே போய் மகளின் நீல ஸ்வெட்டரை எடுத்துவந்தாள். பாலத்தில் காற்று அடிக்கும் என்று சொல்லி அதைப் பின் சீட்டில் வைத்தாள். டாக்டர் வண்டியைத் திருப்பினார். ஸ்வெட்டரை எதனாலும் கட்டவில்லை. பாலம்வரை போய்த் திரும்பும்வரை அது விழவில்லை.