சவ வண்டியிலிருந்து வந்த எஞ்சின்

போன அக்டோபரில் ஷெல்கிரீக் மலை ஏற்றத்தின் பாதியில் என் பிக்கப் நின்றுவிட்டது. வருஷா வருஷம் போகும் மான் வேட்டைக்குப் பொதி சுமக்க, பின்னால் டிரெய்லரில் இரண்டு கோவேறு கழுதைகள். ரோட்டில் பொடிப்பனி. பிரேக்கை முழுக்க மிதித்தும் வண்டி பத்தடி பின்னோக்கி வழுக்கியது. பின்னால் தன் போர்டு கம்பெனி பிக்கப்பில் வந்துகொண்டிருந்த என் கணவர் வெர்லின் குதித்து ஓடிவந்து, சக்கரத்துக்கு அடியில் விறகுக் கட்டையைத் திணித்தார்.

குற்றம் வண்டி மேல் இல்லை. அறுபத்தாறாம் வருஷத்து ஷெவர்லே அது. அதிலிருந்த சின்ன ஆறு சிலிண்டர் எஞ்சின் தீவனக் கடைக்குப் போய்வரத்தான் லாயக்கு. அதன் தலையில் பீச்சஸ், டீக்கன் என்ற அந்த இரண்டு கழுதைகளையும் கட்டியது நான். கழுதைகள் ஒரு டன், டிரெய்லர் இன்னொரு டன்.

அன்று சாயங்காலம், ஒருவழியாக மேலே போய்ச் சேர்ந்தபின், வேட்டைக் கூடாரத்தில் வெர்லின் பேச்சை எடுத்தார்.

"நோலா, இன்னொரு தரம் இத என்னால பாக்க முடியாது. அடுத்த வருஷம் உன் வண்டி நிக்காம மேட்ட ஏறணும். இல்லன்னா அத வித்துட்டு என் வண்டில பக்கத்து சீட்ல உக்காந்து வா."

பதினாலு வயதில் வைக்கோல் வண்டி ஓட்டத் தொடங்கியவள் நான். இன்றுவரை யார் பக்கத்திலும் உட்கார்ந்து ஊர் போய்ச் சேர்ந்ததில்லை. ஐம்பத்தெட்டு வயதில் ஒரு மூட்டையைப் போல ஏற்றி இறக்கப்படுவதை நினைக்கவே பயமாக இருந்தது. அவர் சொன்னது நியாயம் என்பதால் கோபம் இரட்டிப்பாக வந்தது.

சரி, பெரிய எஞ்சின் போடுவது என்று முடிவாயிற்று. எந்த எஞ்சின் என்பதில்தான் வீடு சந்தைக்கடை ஆனது. வெர்லினிடம் கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில் ஏழரை லிட்டர் போர்டு எஞ்சின் ஒன்று பல காலமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. பக்கத்துப் பண்ணை டெல்பர்ட்டிடம், அவன் ரேஸ் ஓட்டிய காலத்து ஏழு புள்ளி நாலு லிட்டர் ஷெவர்லே எஞ்சின். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இரண்டு பேரும் என் சமையலறையில் உட்கார்ந்து, நான் வைத்த சில்லிக் கறிக்குழம்பையும் இலவங்கப்பட்டை ரோலையும் தின்றுகொண்டே என் வண்டிக்காகச் சண்டை போட்டார்கள்.

"நானூத்தம்பது குதிரை சக்தி, நோலா! மிதிச்சா மேட்டுல பறக்கும்," என்றான் டெல்பர்ட்.

"பறக்கறதுக்கு டீக்கன் என்ன பருந்தாடா?"

"அவன் எஞ்சினுக்கு ரேஸ் பெட்ரோல்தான் ஊத்தணும். காட்டுக்குள்ள எங்க போய் வாங்குவ?" என்றார் வெர்லின். "என்னுது சும்மா கெடக்கு. எடுத்துக்கோ."

"ஷெவர்லேக்குள்ள போர்டு எஞ்சினா? வெர்லின், நீ சர்ச் மாறினாக்கூட இந்த ஊரு மன்னிச்சிரும், இத மன்னிக்காது," என்றான் டெல்பர்ட்.

அந்த ஒரு விஷயத்தில் நான் டெல்பர்ட் கட்சி. ஆனால் எனக்கு வேண்டியது வேகமே அல்ல. மெதுவாகச் சுற்றும்போதே பிடித்து இழுக்கிற எஞ்சின். இதை எத்தனை தரம் சொன்னேன் என்று சில்லிச் சட்டிக்குத்தான் தெரியும்.

மார்ச்சில் ஆர்டித்தின் காயலான் கடைக்குத் தனியாகப் போனேன். வண்டிகளை உடைத்து விற்பதில் அவளுக்கு முப்பது வருஷ அனுபவம். பேச்சில் சிக்கனம். நான் சொன்னதை முழுக்கக் கேட்ட முதல் ஆள் அவள்தான். கேட்டு முடித்ததும் கடைக்கோடிக்குக் கூட்டிப்போனாள். அங்கே ஒரு காடிலாக் சவ வண்டி நின்றது. எழுபத்தாறாம் வருஷத்தது, கறுப்பு, ஜன்னல் திரைகூடப் போகவில்லை.

"எட்டே கால் லிட்டருக்குக் கொஞ்சம் கம்மி. சாதா பெட்ரோல் போதும். டெல்பர்ட்டோடத விட எடையும் கொறவு. வாழ்நாள் பூரா இருபது மைல் வேகத்துக்கு மேல போயிருக்காது," என்றாள்.

"எண்ணெய் குடிக்குமா?"

"எண்ணெய் குடிக்காது. பெட்ரோலுக்கு யானைப் பசி. அத மறைக்கமாட்டேன்."

அடுத்த சனிக்கிழமை வெர்லினை அழைத்துப் போனேன். வண்டியைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினார்.

"இது நம்ம ஊர்ப் பொண வண்டிதானே? எங்கப்பாவ இதுலதான் கொண்டு போனாங்க."

"ஆமா."

"போர்டு தவிர வேற எதுலயும் ஏறமாட்டேன்னு சத்தியம் பண்ணுன மனுஷன், நோலா."

"அன்னிக்கு ஏறினாரே. ஒரு வார்த்தை சொன்னாரா?"

சிரிப்பை அடக்க அவர் படாத பாடு பட்டார்.

ஆர்டித் டயர்களுக்குக் காற்றடித்து, பாட்டரியை மாட்டி வைத்திருந்தாள். நான் கேட்டபடி, அங்கே செத்துக் கிடந்த ஒரு தானிய லாரியைச் சவ வண்டியின் பின்னால் சங்கிலியால் பிணைத்தாள். நான் ஏறி உட்கார்ந்து கியரைப் போட்டேன். ஆக்ஸிலரேட்டரில் கால் சும்மா பட்டது, அவ்வளவுதான். எஞ்சின் குரலை உயர்த்தவே இல்லை. சங்கிலி விறைத்தது, பின்பக்கம் லேசாகத் தாழ்ந்தது, சேற்றில் பாதி புதைந்திருந்த லாரி முனகிக்கொண்டு பின்னால் வந்தது. கடையை ஒரு சுற்றுச் சுற்றி வந்து நிறுத்தினேன். எனக்கு உடம்பெல்லாம் சந்தோஷம்.

"போர்டு எஞ்சினும் இழுத்திருக்கும்," என்றார் வெர்லின்.

"இழுத்திருக்கும். ஆனா எனக்கு இதுதான் புடிச்சிருக்கு."

விலையாக ஆர்டித் கேட்டது எங்கள் பிரீசரிலிருந்த எல்க் மானின் பின்தொடை இரண்டு. அன்றைக்கே கொடுத்துவிட்டோம்.

கோடை முழுக்க மாற்றும் வேலை. சவ வண்டியின் ஆட்டோமேட்டிக் கியர்பெட்டியும் கூடவே வந்தது. எஞ்சின் வண்டிக்குள் பொருந்திவிட்டது, மேல்மூடி பானட்தான் இரண்டு அங்குலம் மூடவில்லை. பானட்டில் ஓட்டை வெட்டிவிடலாம் என்றான் டெல்பர்ட். பானட்டைத் தொட்டால் விரலை வெட்டுவேன் என்றேன். உயரம் குறைந்த ஏர் பில்டர் வாங்கிப் போட்டோம், மூடிக்கொண்டது. வெர்லின் ஒரு வார்த்தை பேசாமல் நாலு சக்கரத்துக்கும் புது பிரேக் போட்டார். டெல்பர்ட் ஏனென்று கேட்டதற்கு, "ஏறினது எறங்கணும்ல," என்றார். அன்று ராத்திரி அவருக்குப் பிடித்த பீச் பை செய்தேன்.

அக்டோபர் வந்தது. போன வருஷத்துக் கழுதைகள், அதே டிரெய்லர், பின்னால் தன் போர்டில் வெர்லின். பனி மட்டும் இல்லை. முந்தைய வருஷம் வழுக்கிய இடம் வந்தது. மிதித்தேன். வண்டி அந்த இடத்தைக் கவனிக்கக்கூட இல்லை. நாற்பது மைல் வேகத்தில், குரல் மாறாமல், நேரே ஏறியது. நான் தனியாக உட்கார்ந்து சத்தம் போட்டுச் சிரித்தேன். டீக்கன் பின்னாலிருந்து ஒரு கனைப்புக் கொடுத்தான்.

உச்சியில் ஒதுங்கி நிறுத்தினேன். பின்னால் வெர்லினைக் காணோம். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். டிரெய்லரை வைத்துக்கொண்டு எங்கே திருப்புவது என்று பார்த்துக்கொண்டிருந்தபோது, அவர் வளைவில் நடந்து வந்தார். முகம் சிவந்து மூச்சு வாங்கியது.

"என்னாச்சு?"

"ரேடியேட்டர் ஹோஸ் வெடிச்சிருச்சு. ரெண்டு வளைவுக்குக் கீழ ஓரங்கட்டிட்டேன்."

"ஏழு வருஷமா அத மாத்து மாத்துன்னு சொல்றேன்."

"சொன்ன. உன்ன எட்டிப் பிடிக்கலாம்னு மிதிச்சேன்."

சுற்றி வந்து கதவைத் திறந்தார். பக்கத்து சீட்டிலிருந்த என் கோட்டை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் எஞ்சின் ஓடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"கழுதைங்கள கூடாரத்துல எறக்கிட்டு வந்து என் வண்டிய இழுத்துட்டுப் போயிரலாம்."

"சாமானெல்லாம் அதுலதான் இருக்கு. அத்தனையும் சேத்து என் எஞ்சின் இழுக்குமா?" வேண்டுமென்றேதான் கேட்டேன்.

"இழுக்கும்," என்றார். யோசிக்கவே இல்லை.

அவர் பெல்ட்டை மாட்டும் வரை காத்திருந்து, வண்டியை எடுத்தேன்.