இடையில் தவறிய துடிப்பு

பத்மாசினியின் வயிற்றில் குழலை வைத்துக் காதைக் கொடுத்திருந்த மருத்துவிச்சி குணலட்சுமி, கிளினிக் வாசலில் நின்ற பெண்களைப் பார்த்து, "கொஞ்சம் சத்தம் போடாமல் நில்லுங்கோ" என்றாள். குழலை நகர்த்தி வைத்தாள். மறுபடியும் நகர்த்தினாள். பத்மாசினி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன மிஸ்ஸி?"

"ஒண்டுமில்லை. பிள்ளையின்ரை துடிப்பு இடைக்கிடை ஒண்டு தவறுது. டொக்டரிட்டைக் காட்டுவம்."

ஒன்றுமில்லை என்றவள் எதற்காக டொக்டரிடம் கூட்டிப் போகிறாள்? போருக்குப் பயந்து மயிலிட்டியை விட்டு ஊரே ஓடிய ஆண்டில் பத்மாசினிக்கு நிறைமாதம். வழியில் பிறந்த அந்தத் தலைப்பிள்ளை அழவேயில்லை. வருடக்கணக்காகக் காத்திருந்து இப்போது தங்கியிருப்பது இது. அவளும் கணவன் மார்க்கண்டுவும் சாவகச்சேரிக்குப் பக்கத்தில் பூரணம் என்பவளின் வளவில் கொட்டில் போட்டு இருந்தார்கள். மீன்பிடிக்கக் கடலுக்குப் போக முடியாத மார்க்கண்டு கிடைத்த கூலிக்குப் போய்வந்தான்.

டொக்டரும் நெடுநேரம் குழலில் காதை வைத்துக் கேட்டார்.

"நித்திரை கொள்ளுறனீங்களோ?"

"இல்லை ஐயா. நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும். பொம்பர் வந்து குண்டு போடாத நாளிலையும் அப்பிடித்தான்."

"கோப்பி குடிக்கிறனீங்களோ?"

பத்மாசினி தலையைக் குனிந்துகொண்டாள். பூரணத்தின் கிணற்றடியில் கோப்பிச் செடிகள் நின்றன. அவளே பழம் பிடுங்கிக் காயவைத்து, வறுத்து இடித்து, கறுப்பாகக் காய்ச்சி, விடியலிலிருந்து பொழுதுபடும் வரை ஊற்றிக் கொடுத்துக்கொண்டே இருப்பாள்.

"கனக்கக் குடிக்கிறனான் ஐயா. குடிச்சால் பசி தெரியாது."

"அதுதான் உங்களைப் படபடக்கப் பண்ணுது. இரத்தத்தோடை அது பிள்ளைக்கும் போகுது. அந்தச் சின்ன உடம்பாலை அதைக் கெதியாய்க் கழிக்க ஏலாது. அதாலை துடிப்புத் தவறலாம். கோப்பியை விடுங்கோ, தேத்தண்ணியும் வேண்டாம். வாற கிழமை திரும்பக் கேட்டுப் பாப்பம்."

"விட்டும் தவறினால்?"

"அநேகமாத் தானாவே சரிவரும்" என்றார் டொக்டர். சரிவராவிட்டால் கொழும்புப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பப் போரில் பாதை இல்லையென்பது இருவருக்கும் தெரியும்.

பூரணத்திடம் இதை எப்படிச் சொல்வது? உன் கோப்பிதான் என் பிள்ளையைக் கெடுத்தது என்று சொன்ன மாதிரி ஆகிவிடாதா? பத்மாசினி கோப்பையை வாங்கி, அவள் அங்காலே போனதும் வாழையடியில் ஊற்றினாள். மறுநாள் தலை பிளந்துவிடும்போல் வலித்தது. குடித்த தண்ணீரும் சத்தியாய் வந்தது. தனக்கே ஏதோ பெரிய நோய், பிள்ளையும் தானும் ஒன்றாகப் போகப்போகிறோம் என்று நினைத்தாள். வயிற்றில் கையை வைத்தபடியே கிடந்தாள். பிள்ளை அசைந்தாலும் பயம், அசையாவிட்டாலும் பயம்.

அடுத்த தரம் ஊற்றும்போது பூரணம் பின்னால் நின்றாள்.

"பிடிக்கேல்லையெண்டால் சொல்லியிருக்கலாமே, பிள்ளை."

"அக்கா, அப்பிடியில்லை அக்கா!" பத்மாசினி அழுதழுது எல்லாவற்றையும் சொன்னாள்.

பூரணம் அப்படியே நிலத்தில் உட்கார்ந்துவிட்டாள். "ஐயோ, சோறு தர வழியில்லை, இந்தக் கோப்பியையெண்டாலும் குடுப்பம் எண்டெல்லோ தந்தனான்." கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "பயப்பிடாதை. உந்தத் தலையிடி கோப்பி விட்டதாலைதான். என்ரை மனிசனும் விரதத்துக்கு விட்டிட்டு உப்பிடித்தான் தலையைக் கட்டிக்கொண்டு கிடந்தவர்."

அன்று முதல் மல்லியும் வேர்க்கொம்பு என்கிற சுக்கும் வறுத்து இடித்துப் பனங்கட்டியோடு அவித்துக் கொடுத்தாள். பத்மாசினிக்கு அது மருந்துபோல இருந்தது, ஆனாலும் மிச்சம் விடாமல் குடித்தாள். மத்தியானத்தில் பூரணம் தன் புட்டில் பாதியையும் கொண்டுவந்து வைத்தாள். இரண்டு மூன்று நாளில் தலையிடி போயிற்று. கை நடுக்கமும் குறைந்தது. பயம் மட்டும் போகவில்லை.

கிளினிக் நாளில் அவள் வாங்கில் ஏறிப் படுத்ததும் பொம்பர் இரைந்தது. எல்லோரும் முற்றத்தில் வெட்டியிருந்த பங்கருக்குள் ஓடினார்கள். எங்கோ தூரத்தில் குண்டு விழ, மேலிருந்து மண் உதிர்ந்தது. இந்தப் பயத்தோடு துடிப்பு நின்றே போயிருக்கும் என்று பத்மாசினி நினைத்தாள். இரைச்சல் அடங்கிய பின்னும் குணலட்சுமி வெளியே போகவில்லை. அங்கேயே அவளைச் சாய்த்துக் குழலை வைத்தாள்.

"தவறுதோ மிஸ்ஸி?"

"கதைக்காதையும்."

குழலை நகர்த்தி நகர்த்தி வைத்தாள்.

"ஒழுங்கா அடிக்குது."

"இன்னொருக்கால் கேளுங்கோ மிஸ்ஸி."

கேட்டாள். பத்மாசினி விடவில்லை. மூன்றாம் தரமும் கேட்கவைத்தாள்.

மாசியில் பெண்பிள்ளை பிறந்தது, பிறந்த கையோடு வீறிட்டு அழுதது. "போதும், பாலைக் குடு" என்று பூரணம் சத்தம் போட்டும், பத்மாசினி அதன் நெஞ்சில் காதை வைத்தபடியே கிடந்தாள்.