இரண்டு வாசல் வைத்த கார் ஷெட்

ஜினசேனன் மறுபடியும் போன் செய்தபோது, வேங்கிக்காலில் உள்ள தன் கட்டட வரைபட அலுவலகத்தில் கீர்த்தனா அவருடைய பிளானைத்தான் பிரிண்ட் போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஷெட்ட இன்னும் கொஞ்சம் தள்ளிப் போட்டுடலாமாம்மா?"

"எங்க சார் தள்றது? வீட்டோரம்னு சொன்னீங்க, போட்டேன். அப்புறம் கெணத்தாண்ட மாத்தச் சொன்னீங்க."

"கெணத்தாண்ட வேணாம். ரோட்டோரம் போட்டுடுங்க."

பஞ்சாயத்து அனுமதிக்காகக் கொடுக்க வேண்டிய படம் அது. வீட்டைச் சேராமல் நிலத்தில் தனியாக நிற்கும் ஒரு கார் ஷெட், அவ்வளவுதான். ஒரே நாளில் முடிந்திருக்க வேண்டிய வேலை. அவரிடம் நேரிலேயே கேட்டுவிடுவது என்று எரிச்சலோடு ஸ்கூட்டியைக் கிளப்பினாள்.

வேட்டவலம் சாலையிலிருந்து பிரிந்த மண்பாதையில், வேர்க்கடலைக் கொல்லைக்கு நடுவே இருந்தது அவர் வீடு. ஜினசேனன் அவளுக்கு முன்னால் வேகமாக நடந்து சாலையோரத்தைக் காட்டினார். ஓரிடத்தில் நிற்கவில்லை. வீட்டெதிரே வேப்பமரத்தடியில் தார்ப்பாய் மூடிய கார் நின்றிருந்தது. அந்தப் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

"ரோட்ட ஒட்டிக் கட்ட விட மாட்டாங்க சார், எடம் விடணும். மழையில வீட்லேர்ந்து இவ்ளோ தூரம் நடந்து வருவீங்களா?"

"நடந்தா இன்னா? நடந்துக்கறேன்."

அப்போது வீட்டிலிருந்து ஒரு சிறுமி காரைத் தாண்டி அவர்களை நோக்கி ஓடிவந்தாள்.

"அங்க வராத! உள்ள போ!"

அவர் போட்ட சத்தத்தில் கீர்த்தனாவின் கையிலிருந்த அளவு டேப் நழுவி விழுந்தது. குழந்தை அப்படியே நின்றுவிட்டது. அவருடைய மகள் ராஜமதி ஓடிவந்து அதைத் தூக்கிக்கொண்டாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க மேடம். தை மாசம் அப்பா காரை ரிவர்ஸ் எடுக்கறப்ப எம்பொண்ணு அக்ஷயா பின்னாடி நின்னுட்டிருந்தா. கால் ஒடஞ்சிடுச்சி. இப்ப நல்லாதான் ஓடறா. இவருதான் அன்னியிலேர்ந்து சாவியத் தொடல."

"பாத்துட்டுதாம்மா எடுத்தேன்," என்றார் ஜினசேனன், யாரையும் பார்க்காமல். "கண்ணாடியில பாத்துட்டுதான் எடுத்தேன்."

கீர்த்தனா திரும்பி வந்தாள். வேறு எந்த வேலையும் ஓடவில்லை. திரையில் ஷெட்டைச் சாலைப் பக்கம் நகர்த்தினாள், மறுபடி உள்ளே இழுத்தாள். எவ்வளவு தள்ளி வைத்தாலும் அந்த மனிதருக்குப் போதாது என்று தோன்றியது. எழுந்து போய் டீ குடித்தாள். பாதி டம்ளரில், அவருக்குப் பயம் ரிவர்ஸ் எடுக்கத்தானே என்று ஓர் எண்ணம் வந்தது. மீதியை அப்படியே வைத்துவிட்டுத் திரும்பினாள்.

மறுநாள் காலை சுண்ணாம்புத் தூளோடு போனாள். கிணற்றுக்குச் சற்றுத் தள்ளி, சாலைப் பக்கமாகத் தரையில் கோடு போட்டாள்.

"ஷெட்டுக்கு ரெண்டு பக்கமும் வாசல் சார். இப்படி உள்ள வந்து, அப்படியே நேரா வெளிய போயிடலாம். பின்னாடி எடுக்கவே வேணாம். வீட்டுப் பக்கம் ஒரு சுவர் வரும், கொழந்த இந்தாண்ட வர முடியாது."

ஜினசேனன் கோட்டின் வழியே நடந்தார். ஒரு வாசலில் நுழைந்து மறு வாசலில் வெளியேறினார். மறுபடியும் நடந்தார். சுவர் வரப்போகும் கோட்டுக்கு அப்பால் அக்ஷயா நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அங்கயே நில்லு கண்ணு," என்றார். இந்த முறை கத்தவில்லை. பிறகு கீர்த்தனாவிடம், "சுவர் எம்மாம் ஒயரம்?"

"உங்க இடுப்பளவு."

"கம்மியா இருக்குதே. ஏறிடுவா. இன்னும் ஒசத்திக் காட்டுங்க."

அவள் அங்கேயே லேப்டாப்பைத் திறந்து சுவரை உயர்த்திக் காட்டினாள். அவர் குனிந்து, திரையில் சுவரை விரலால் அளந்து பார்த்தார். அவர் எங்கே இன்னும் தள்ளச் சொல்லப்போகிறாரோ என்று கீர்த்தனா அவர் முகத்தையே பார்த்தாள். "சரிம்மா, குடுத்துடுங்க," என்றார்.

அனுமதி வந்து, மழைக்கு முன்பே ஷெட் எழும்பியது. கணக்கு முடிக்கப் போன கீர்த்தனா மண்பாதையிலேயே நின்றுவிட்டாள். கார் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் மெல்ல வெளியே வந்துகொண்டிருந்தது. ஓட்டியவள் ராஜமதி. ஜினசேனன் பக்கத்து சீட்டில் இரண்டு கைகளாலும் டேஷ்போர்டைப் பிடித்தபடி, "மெதுவா, மெதுவா," என்று சொல்லிக்கொண்டே வந்தார்.