பக்கத்துக் கடைக்கு ஒரு வாக்கியம்

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கும் சேர்த்து என் வாய் ஒன்றுதான் பிழைத்துக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரருக்குத் திக்குவாய். ஃபேனையும் அயர்ன் பாக்ஸையும் பிரித்துப் போட்டால் கண்ணை மூடிக்கொண்டு மாட்டிவிடுவார். வந்தவரிடம் "நாளைக்கு வாங்க" என்று சொல்வதற்குள் அந்த நாளையே வந்துவிடும். அதனால் எங்கள் ரிப்பேர் கடைக் கல்லாவில் நான். முதல் எழுத்தை அவர் பிடிப்பார், மிச்சத்தை நான் முடிப்பேன். எனக்கு அதில் பெருமைதான், மறைப்பானேன்?

இந்த வருஷம் அவருக்கு ஒரு புதுப் பழக்கம். காலையில் ஷட்டரைத் தூக்கியதும் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்குப் போய் ஒரே ஒரு வாக்கியம் பேசிவிட்டு வருவார். ஆரம்பத்தில், "க... கடை திறந்தாச்சா?" அவ்வளவுதான். அதற்கே சட்டை நனைந்துவிடும். பாவம் என்று விட்டேன். கொஞ்ச நாளில் மழை வருமா வராதா என்று பேச்சு நீண்டது. பிறகு இரண்டு வாக்கியம். போன வாரம் ஒரு நாய்க் கதையையே சொல்லி முடித்திருக்கிறார். ஜெராக்ஸ்காரி சிரித்த சிரிப்பு மெஷின் சத்தத்தையும் மீறி என் காதில் விழுந்தது. எறும்பு ஊரக் கல்லும் தேயும், வாஸ்தவம். அந்த எறும்பு அடுத்தவள் கடையில் போய் ஊர்ந்தால் எவளுக்குப் பொறுக்கும்? எனக்கு வயிறு பற்றி எரிந்தது. அந்த நாய்க் கதையை அவர் என்னிடம் சொன்னதே இல்லை.

அன்று சாயங்காலம் கேட்டே விட்டேன்.

"அவகிட்ட மட்டும் எப்படிங்க பேச்சு வருது? அப்படி என்ன மந்திரம் வெச்சிருக்கா?"

"அவ ஒ... ஒ..."

"ஒத்தாசையா இருக்காளா? ஒய்யாரமா இருக்காளா?"

அவர் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். "ஒண்ணும் செய்யமாட்டா. நா... நான் முடிக்கிறவரைக்கும் சும்மா இருப்பா."

சுருக்கென்றது. சும்மா இருப்பாளாம், என்ன பெரிய வித்தை! அவளைவிட நான் சும்மா இருந்து காட்டுகிறேன் என்று வீம்பு வந்துவிட்டது. மறுநாள் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு வார்த்தைவரைதான் தாங்கியது. அடுத்த நாள் இன்னொரு வார்த்தை. அவர் பேசப் பழகியதைவிட நான் பேசாமல் பழகியதுதான் பெரும்பாடு.

நேற்று சாப்பிடும்போது மகள், ஸ்கூலில் பேரன்ட்ஸ் மீட்டிங் என்றாள். எப்போதும் நான்தான் போவேன்.

"இந்தத் தடவை மீ... மீட்டிங்குக்கு..." என்று ஆரம்பித்தார் அவர்.

'உங்கம்மாவே வரட்டும்' என்பது என் நாக்கு நுனியில் தயாராக நின்றது. சும்மா இருந்தேன். தட்டில் சாப்பாடு ஆறியது.

"நா... நான் வரேன் பாப்பா."

எனக்காக ஒருநாளும் அப்படி மலராத மகளின் முகம், அவருக்காக மலர்ந்தது. அதற்கும் பொறாமைப்பட்டேன்.

"நிஜமாவாப்பா? எவ்வளவு நாளா ஆசை தெரியுமா எனக்கு! நீங்கதான் வர இஷ்டமில்லைன்னு சொன்னீங்களாம், அம்மா ஒவ்வொரு தடவையும் சொல்லுவாங்க."

அவர் மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"நா... நான் எ... எப்ப..."

அந்த வாக்கியம் எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியும். முடிகிறவரைக்கும் சும்மா இருந்தேன்.