சிவமலரின் சிரிப்பு விழுந்த முகங்கள்

"சிரிக்கவே ஏலாத பிள்ளையை என்ர மகன்ர தலையில கட்டப் பாக்கிறீங்களோ!" என்று சிவசம்புவின் வீட்டு ஹாலில் நின்று குணபூசணி அம்மாள் கத்தியபோது, அவருடைய வாய் காதுவரை சிரித்துக்கொண்டிருந்தது.

"சண்டை பிடிக்க வந்திட்டு ஏனக்கா சிரிக்கிறீங்கள்?" என்றாள் சிவசம்புவின் மனைவி இராஜம்மா.

"நானெங்க சிரிக்கிறன்? கன்னம் நோகுது!"

இது 1979இல் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் நடந்தது. ஜன்னல்கள் திறந்திருந்ததால் தெருவே கேட்டது. சிவசம்புவின் மகள் சிவமலருக்குப் பிறந்ததிலிருந்தே முகத்தில் தசைப் பலம் இல்லை. அப்பாவுக்கும் அப்படித்தான், அவருடைய அப்பாவுக்கும் அப்படித்தான். பரம்பரை, மருந்து கிடையாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவளால் விசிலடிக்க முடியாது, ஸ்ட்ராவில் உறிஞ்ச முடியாது, தூங்கும்போதும் கண் பாதி திறந்திருக்கும். சிரிப்பு வந்தால் அது பக்கத்தில் இருப்பவர் முகத்தில் போய் விழும். சாவு வீடுகளில் அவளைச் சுவரோரம் தனியாக உட்கார வைப்பார்கள், அவ்வளவுதான். மாப்பிள்ளை வீட்டுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. அவர்களுக்கு அனுப்பப் படம் எடுத்த ஸ்டூடியோக்காரன் தம்புசாமி, "கொஞ்சம் சிரிங்க மிஸ்" என்று சொல்லிவிட்டுத் தானே சிரித்தான், நிறுத்த முடியவில்லை. அந்த ஒரு படத்துக்கு அவள் நாலு முறை போய் வந்தாள். அது தெருவுக்குத் தெரியும், அப்பாவுக்குத் தெரியாது.

"இந்தக் கலியாணம் வேண்டாம்!" என்று குணபூசணி அம்மாள் முடித்ததும், அவருடைய சிரிப்பு இன்னும் விரிந்து கடைவாய்த் தங்கப்பல் வரை தெரிந்தது. பக்கத்தில் தலைகுனிந்து நின்ற மகளைச் சிவசம்பு பார்த்தார். அவருக்கும் அது பழகிய வியாதி. யாருடைய சிரிப்பு என்று உடனே புரிந்தது.

"அப்ப ஆரம்மா?" என்று கேட்டார்.

"ஸ்டூடியோ தம்புசாமி."

"ஐயோ, நம்மட ஆக்களில்லையே! நான் இருக்கும்வரை நடக்காது!" என்று இராஜம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அடித்துக்கொண்டே சிரிக்கத் தொடங்கினாள். கண்ணில் நீர், வாயில் முழுச் சிரிப்பு. அவளருகே கணவர் கல் மாதிரி உட்கார்ந்திருந்தார். கல்யாணமான இருபத்தாறு வருஷமும் அவருடைய சந்தோஷத்தையெல்லாம் சுமந்த வாய் அது. அதனிடம் வாதாடிப் பயனில்லை என்று இராஜம்மாவுக்குத் தெரியும். "சரி, போய்த் தொலையுங்கோ லா" என்றாள். ஜன்னலுக்கு வெளியே யாரோ கைதட்டினார்கள். குணபூசணி அம்மாளின் கார் ரயில்வே பாலத்தைத் தாண்டிய பிறகுதான் அவருடைய முகம் அவருக்குத் திரும்பக் கிடைத்ததாம்.

தை மாதமே கல்யாணம். படங்களில் மணமகன் வாய் கொஞ்சம் பெரிதாகத் தெரியும். இரண்டு பேருக்கும் சேர்த்துச் சிரித்தவன் அவன் ஒருவனே. பிறகு கிள்ளானில் சொந்த ஸ்டூடியோ போட்டார்கள். குணபூசணியின் மகன் ஒரு நர்ஸைக் கட்டி ஷா ஆலம் போனான். சிவசம்பு ஓய்வுபெற்றதும் மனைவியோடு கிள்ளானுக்குப் பக்கத்து ஊரான மேருவுக்கு மாறினார். 1983இல் சிவமலருக்குப் பெண் பிறந்தது, அதே முகத்தோடு. குழந்தைக்கு வயிறு நிறைகிற நேரம் பார்த்து, அதைத் தூக்கிக்கொள்ள அக்கம்பக்கத்துக்காரர்கள் முறைவைத்து வந்தார்கள்.