ஒலிந்தா ஏறிய காரின் பெயர்

கல்யாணத்துக்கு முந்தின வாரம் புகைப்படம் எடுத்துக்கொள்வதற்காக ஒலிந்தா ஃபகுந்தெஸ் ஏறி உட்கார்ந்த சாம்பல் நிறக் கார் இன்ன கார் என்று யாராலும் சரியாகச் சொல்ல முடியாமல் போனதால், அவள் அதிலிருந்து இறங்க நான்கு வருடம் ஆயிற்று. உருகுவாய் ஆற்றில் பெருவெள்ளம் வந்து வடிந்த வருடம் அது. மற்ற ஊர்களில் வெள்ளம் வடிந்தால் செத்த மாடும் முறிந்த மரமும் கிடக்கும். சான் எலாதியோவில் சதுக்கத்தின் நடுவே, கிளப்புக்கு எதிரே, ஒரு கார் நின்றது. மேலே ஒரு பொட்டுச் சேறு இல்லை. முகப்பில் சின்னம் இல்லை, சக்கர மூடியில் எழுத்து இல்லை, எஞ்சின் மூடி திறக்கவே இல்லை. சாவி மட்டும் இருந்தது. யாருடையது என்று மேயர் மூன்று நாள் விசாரித்துவிட்டு, கேட்டு வராதவரைக்கும் ஊருடையது என்று சொல்லி, அதன் நிழலில் தன் நாயைக் கட்டினார்.

இந்த நாட்டில் மனிதர்கள் ஓய்வு பெறுவார்கள், கார்கள் பெறாது. கொள்ளுத்தாத்தா வாங்கிய வண்டிக்குக் கொள்ளுப்பேரன் பெட்ரோல் போடுவான். அதனால் எங்கள் ஊரில் ஒரு மரியாதை உண்டு. ஒரு வீட்டுக்குள் நுழையும்போது வணக்கம் சொல்வதுபோல, ஒரு காரில் ஏறுமுன் அதன் பெயரைச் சொல்ல வேண்டும். "ஹப்மொபைல், முப்பத்திரண்டு" என்று சொல்லிவிட்டுத்தான் பாதிரியாரே கால் வைப்பார். இந்த மரியாதை வளர்ந்து வளர்ந்து விளையாட்டாகிவிட்டது. வியாழக்கிழமை மாலை கிளப்பில் பன்னிரண்டு பேர் தெருவுக்கு முதுகைக் காட்டி உட்காருவார்கள். மாத்தே என்ற மூலிகைத் தேநீர் நிறைந்த சுரைக்குடுவை கை மாறிக்கொண்டே வரும், ஆளுக்கு ஒரு முறை குழலில் உறிஞ்சுவார்கள். வெளியே ஒரு வண்டி போனால், அந்த நேரத்தில் குடுவை யார் கையில் இருக்கிறதோ அவர் சத்தத்தை மட்டும் கேட்டு இன்ன கார், இன்ன வருடம் என்று சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் கேலியோடு போய்விடும். 'தெரியாது' என்று சொன்னால் மட்டும் தன் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டுபோய் நடைபாதையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட வேண்டும், உள்ளே மறுபடி இடமில்லை. கிளப் தொடங்கியதிலிருந்து ஒருவரும் அப்படிச் சொன்னதில்லை. தோன் எர்மோஹெனெஸ் குடுவை கையில் இருக்கும்போதே இறந்துபோனார். அதைக்கூட 'யோசித்துக்கொண்டிருக்கிறார்' என்றுதான் சபை முடிவு செய்தது.

அந்தப் பன்னிரண்டு பேரில் ராஜா, பல் டாக்டர் வால்டெமார் பென்டன்கோர். ஒலிந்தாவுக்கு நிச்சயிக்கப்பட்டவன் அவன்தான். குள்ளமான ஆள், முழங்கால்வரை வெள்ளைக் கோட்டு. காரின் முன்கம்பிகளைப் பல்வரிசை என்றே சொல்வான். குடுவை கையில் இருந்தபோது அவன் ஒருமுறைகூடத் தப்பாகச் சொன்னதில்லை. ஒலிந்தா ஊரின் ஒரே சிகையலங்காரக்காரி, அவனைவிட ஒன்றரைத் தலை உயரம். ஊர் ஊராகப் போகும் புகைப்படக்காரர் வந்திருந்தபோது, நின்றால் உயர வித்தியாசம் தெரியுமே என்று கூச்சப்பட்டு, "நீ உள்ள உக்காந்துக்க, நான் பக்கத்துல நிக்குறேன்" என்றவன் அவன்தான். அவள் ஏறினாள். யாரும் பெயர் சொல்லவில்லை. கதவு சாத்திக்கொண்டது.

கொல்லன் கடப்பாரையோடு வந்தான், கடப்பாரை வளைந்தது. கண்ணாடியை உடைத்தார்கள், அவள் தலையை நீட்டுவதற்குள் புதுக் கண்ணாடி வளர்ந்துவிட்டது. பக்கவாட்டுச் சன்னல் மட்டும் தலை நுழையும் அளவுக்கு இறங்கியது. பெயர் சொன்னால் திறந்துவிடும் என்று எல்லோருக்கும் உடனே புரிந்துவிட்டது, எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதில் புரியாமல்போக எதுவும் இல்லை. இறைச்சிக்கடை பஸ்தோரினோ முதலில் முன்வந்து, தாடையைச் சொறிந்துகொண்டு, "இதுக்கா இவ்வளவு ரகளை? டாட்ரா!" என்றார். கதவு திறக்கவில்லை. ஆனால் இரண்டு விளக்குகளுக்கு நடுவே மூன்றாவதாக ஒரு விளக்கு முளைத்தது. மருந்துக்கடைக்காரர் "பானார்ட்" என்றார், ஸ்டீயரிங் சக்கரம் நகர்ந்து நடுவுக்கு வந்து ஒலிந்தாவின் வயிற்றில் இடித்தது. அந்தக் கார் நல்ல மனசுக்காரக் கார் என்று தெரிந்தது. யார் என்ன சொன்னாலும் அவர்கள் முகம் வாடக்கூடாது என்று அந்தப் பெயருக்கேற்ற ஏதாவது ஒன்றைத் தன்மேல் முளைக்கவைத்துக்கொண்டது. இதனால் ஒவ்வொரு பெயருக்கும் அது தன் சொந்த முகத்திலிருந்து இன்னும் கொஞ்சம் தள்ளிப்போனது. நானும் ஒரு பெயர் சொன்னேன். பெரிதாக ஒன்றும் ஆகவில்லை, ஒரு சாம்பல் கிண்ணம் முளைத்தது. அதுவும் மூடாத கிண்ணம்.

வால்டெமார் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. உறுதியானால்தான் வாய் திறப்பான், அது அவன் தொழில் தர்மம். சாயங்காலம் ஆனால் மடக்கு நாற்காலியைப் போட்டு, வாய்க்குள் பார்க்கும் சிறு கண்ணாடியைக் காரின் பல்வரிசைக்குள் விட்டுப் பார்த்துக்கொண்டிருப்பான். ஒலிந்தாவுக்குச் சன்னல் வழியாக வறுத்த இறைச்சி ரொட்டியும் வெந்நீரும் வந்தன. திரை கட்டிக் குளித்தாள். பிழைப்பு நிற்கக்கூடாதே என்று இரண்டாவது மாதமே தொழிலையும் தொடங்கிவிட்டாள். வாடிக்கையாளர்கள் வெளியே ஸ்டூலில் உட்கார்ந்து சன்னலுக்குள் தலையை மட்டும் கொடுத்தார்கள். சதுக்கத்தில் பார்த்தால் தலையில்லாத பெண்கள் வரிசையாக ஊர்க்கதை பேசிக்கொண்டிருப்பார்கள். பழகிவிட்டது. கல்யாணத் தேதியை மட்டும் பாதிரியார் ஒவ்வொரு ஈஸ்டருக்கும் அடுத்த ஈஸ்டருக்கு மாற்றிக்கொண்டிருந்தார்.

மூன்றாவது வருடம் மொண்டெவிடியோவிலிருந்து ஃபைஃபர் என்ற பொறியாளர் கையுறை போட்டுக்கொண்டு வந்தார். காரைச் சுற்றி வந்தார், முகர்ந்தார், ஒரு மணி நேரம் உரையாற்றி, "இசோட்டா ஃப்ராஸ்கினி" என்று முடித்தார். அவ்வளவு படித்த வாயிலிருந்து வந்த பெயராயிற்றே என்று கார் மதித்திருக்க வேண்டும், முன்பக்கம் நீண்டு நீண்டு சதுக்கத்தைக் கடந்து மருந்துக்கடைக்குள் நுழைந்து இருமல் மருந்து அலமாரியில் போய் நின்றது. அது பரவாயில்லை. அடுத்த கோடையில் ஆற்றைக் கடந்து புவெனஸ் அய்ரஸ்காரர் ஒருவர் வந்தார். கழுத்தில் பட்டுத்துணி, கேட்காமலே பேச்சு.

"என்னப்பா, இது தெரியலையா உங்களுக்கு? எங்க ஊர்ல காயலான் கடையில நாலு நிக்குது. ஹெய்ன்கெல்! முட்டைக் கார்!"

"ஐயா, உள்ள ஆள் இருக்கு" என்று பஸ்தோரினோ கத்தினார்.

கத்தி முடிப்பதற்குள் கார் மூச்சை இழுத்துக்கொண்டது. மருந்துக்கடையிலிருந்து முகப்பு ஓடி வந்தது, கூரை இறங்கியது, பக்கங்கள் நெருங்கின. ஒரு கட்டில் அளவுக்குச் சுருங்கி நின்றபோது ஒலிந்தாவின் முழங்கால் காதோரம் இருந்தது, கன்னம் கண்ணாடியில் அப்பியிருந்தது. அந்த நேரத்தில் தலை கொடுத்திருந்த தோன்யா செலமிரா தலையை வெளியே எடுத்துவிட்டாள், ஒரு பக்கச் சுருள் மட்டும் பாக்கி. கன்னம் அசையாமல் ஒலிந்தா சொன்னாள்: "அந்த ஆள ஆத்துக்கு அந்தப் பக்கம் அனுப்புங்க. இன்னொரு பேரு விழுந்துச்சுன்னா நான் தகர டப்பாவுல அமுக்கின பழக்கட்டிதான்."

அன்றே கிளப் கூடிக் கார் பெயர் எதையும் யாரும் உச்சரிக்கக்கூடாது என்று தீர்மானித்தது. ஆனால் ஊகமும் தும்மலும் ஒரே ஜாதி, வந்துவிட்டால் அடக்க முடியாது. ஆண்கள் வாயில் கைக்குட்டை கட்டிக்கொண்டு சதுக்கத்தைச் சுற்றுப்பாதையில் கடந்தார்கள். மருந்துக்கடைக்காரர் தூக்கத்தில் உளறுவார் என்பதால் அவர் மனைவி அவரைத் தங்கை ஊருக்கு அனுப்பிவைத்தாள். இந்த நிலையில்தான் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து எல்லோரும் சதுக்கத்தில் இருந்த வேளையில், வால்டெமார் வெள்ளைக் கோட்டைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, கையில் குடுவையோடு நடந்து வந்தான். அந்த நடையைப் பார்த்ததும் ஊருக்கே தெரிந்துவிட்டது. கண்டுபிடித்துவிட்டான்.

"ஒலிந்தா, தெரிஞ்சுபோச்சு."

"உறுதியா?"

"உறுதி."

"போன மாசம் தோன்யா செலமிராவோட பல்லப் பிடுங்குறப்பவும் இதே மூஞ்சிய வச்சுக்கிட்டு உறுதின்னுதான் சொன்ன."

"அது வேற."

"எனக்கு ஒண்ணும் வேறயா இல்ல," என்று கூட்டத்திலிருந்து தோன்யா செலமிரா வாயைப் பொத்திக்கொண்டு சொன்னாள்.

யாரும் சிரிக்கவில்லை. பஸ்தோரினோ மட்டும், "சொல்லு டாக்டர், நூத்துக்குத் தொண்ணூத்தொம்பது சரியாத்தான் இருக்கும். நம்ம கிளப் மானம்" என்றார். வால்டெமார் குனிந்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தட்டையான ஒரு கன்னம், ஒரு கண், கண்ணோரத்தில் இறங்க வழியில்லாமல் நிற்கும் ஒரு துளி. மடங்கிய கைக்குள் சீப்பு அப்படியே இருந்தது. அந்த ஒற்றைக் கண் அவனிடம் எதையும் கேட்கவில்லை. நூற்றில் மீதி அந்த ஒன்று எங்கே போய் விழும் என்று அவன் பார்த்தான். நான்கு வருடம் சேர்த்துவைத்த பெயர், நாக்கின் நுனியில், பளபளப்பாக, ஊரே காதைத் தீட்டிக்கொண்டு நிற்கையில். வால்டெமார் வாயை மூடினான். பெயர் தொண்டைக்குழியில் இறங்குவதை முன்வரிசையில் நின்றவர்கள் கண்ணால் கண்டார்கள்.

"எனக்குத் தெரியல," என்றான்.

கார் பெருமூச்சு விட்டது. சக்கரத்தில் காற்று இறங்குகிற சத்தம் என்று சிலர் சொன்னார்கள், நான்கு சக்கரத்திலும் காற்று அப்படியே இருந்தது. கூரை எழும்பியது, பக்கங்கள் விலகின, கதவு தானாகத் திறந்தது. ஒலிந்தா முதலில் ஒரு காலை வெளியே வைத்தாள், பிறகு கொஞ்ச நேரம் யோசித்து இன்னொரு காலை. நிமிரவே வெகுநேரம் ஆயிற்று, நிமிர்ந்தபோது பழையபடி ஒன்றரைத் தலை உயரம்.

"குடுவையக் குடு, ஆறிப்போகுது," என்றாள். உறிஞ்சிவிட்டு, "இந்த ஒரு வார்த்தைய மொத நாளே சொல்லியிருந்தா எனக்கு இடுப்பு மிஞ்சியிருக்குமே, பாவி."

"மொத நாள் எனக்குத் தெரிஞ்சிடும்னு நெனச்சிட்டேன்."

அவள் கையை அவன் தலைமேல் ஊன்றிக்கொண்டாள், ஊன்ற வசதியான உயரம்தான். அப்படியே இருவரும் சதுக்கத்தை ஒரு சுற்று நடந்தார்கள். பிறகு அவன் கிளப்புக்குள் போய்த் தன் நாற்காலியைத் தூக்கிவந்து நடைபாதையில் வைத்தான். உள்ளே இருந்தவர்கள் அவனைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தார்கள். அடுத்த வியாழன் பஸ்தோரினோ உள்ளே அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு, வெளியே காற்று வருகிறது என்று சொல்லித் தன் நாற்காலியையும் கொண்டுவந்தார். ஈஸ்டருக்குள் பன்னிரண்டு நாற்காலியும் நடைபாதைக்கு வந்துவிட்டன. இப்போது அவர்கள் தெருவைப் பார்த்து உட்காருகிறார்கள். வண்டி எதிரிலேயே வந்தாலும் பாதிப் பேர் தெரியாது என்கிறார்கள், மீதிப் பேர் கையசைக்கிறார்கள். கல்யாணம் இந்தமுறை தேதி மாறாமல் நடந்தது. விழுங்கிய பெயர் வால்டெமாரின் வயிற்றில்தான் இருக்கிறது. மழை நாட்களில் உள்ளிருந்து எஞ்சின் சத்தம் கேட்கும். ஆறு சிலிண்டர் என்பதுவரை நடைபாதையில் ஒத்துக்கொள்கிறார்கள், அதற்கு மேல் வாய் திறப்பதில்லை.

யாரும் எதுவும் கேட்காமல் விட்டதால் கார் இரவல் வாங்கியதையெல்லாம் ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுத்தது. பால்பல் விழுவதுபோல விளக்குகளும் கைப்பிடிகளும் தானாகக் கழன்று புல்லில் கிடந்தன, சதுக்கம் பெருக்குகிறவர் கூடையில் அள்ளினார். என் சாம்பல் கிண்ணமும் வந்தது, வீட்டில் இருக்கிறது. கடைசியில் வெறும் சாம்பல் நிறக் கார் ஒன்று மிஞ்சியது. அதுவும் ஒரு குளிர்காலத்தில் ஆறு பெருகியபோது ஆற்றோடு போய்விட்டது, போகும்போது ஒருமுறை ஹாரன் அடித்ததாம். முதலில் முளைத்த மூன்றாவது விளக்கை ஒலிந்தா தன் புதுக் கடையில் நாற்காலிக்கு மேலே மாட்டியிருக்கிறாள். மின்கம்பி இல்லை, எரிகிறது. வெளியூர்ப் பெண்கள் முடி வெட்டிக்கொள்ள வந்தால் அண்ணாந்து பார்த்து, இது எந்தக் காரோட விளக்கு டாக்டர் என்று மூலையில் உட்கார்ந்திருக்கும் வால்டெமாரைக் கேட்பார்கள். அவன் நாளிதழை இறக்கி, "தெரியல சென்யோரா" என்பான். விளக்கு இன்னும் கொஞ்சம் பிரகாசமாக எரியும். பிடரி மயிர் வெட்ட அந்த வெளிச்சம் வசதியாக இருக்கிறது என்று ஒலிந்தா சொல்கிறாள்.