எட்டாவது மேட்ச்

ஏழு மேட்ச் ஆடி ஏழிலும் தோற்ற அணி எட்டாவது மேட்ச்சை எதற்காக ஆட வேண்டும் என்று கல்லூரியில் எல்லோரும் கேட்டார்கள். கேன்டீன்காரர்கூடக் கேட்டார். ஜெயபாரதி மட்டும் கேட்கவில்லை. அவளுடைய வேலை அந்த எட்டாவது மேட்ச்சில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்தப் பெண்கள் கல்லூரியில் அவள் பன்னிரண்டு வருஷமாக விளையாட்டு ஆசிரியை. கால்பந்து அணியை உண்டாக்கியவளும் அவள்தான். வேலம்பாளையத்துக்கும் குண்டடத்துக்கும் பஸ் ஏறி, வீடு வீடாகப் போய், "டவுசர் போட்டுட்டு எம்புள்ள ஊரு முன்னால ஓடோணுமாக்கும்?" என்று கேட்ட அப்பன்மாரிடம், முட்டிக்குக் கீழே இறங்கும் டவுசரைப் பையிலிருந்து எடுத்து விரித்துக் காட்டி, காப்பி குடித்து, மறுபடி போய், மறுபடி காப்பி குடித்துச் சேர்த்த அணி. போன வருஷம் மண்டலத்தில் மூன்றாவது இடம். இந்த வருஷம் நன்றாக ஆடிய நான்கு பேர் படிப்பு முடிந்து போய்விட்டார்கள். ஆவணியில் கோல்கீப்பருக்குக் கல்யாணமாகிவிட்டது. முதல் மேட்ச்சில் ஆறு கோல் வாங்கினார்கள். ஐந்தாவது மேட்ச்சில் எதிரணிக்குச் சிரமம் வைக்காமல் தங்கள் கோலில் தாங்களே ஒன்று போட்டுக்கொண்டார்கள்.

ஏழாவதும் போன மறுநாள் கரஸ்பாண்டென்ட் மயில்சாமி கூப்பிட்டனுப்பினார். அவருக்கு அருள்புரத்தில் நிட்டிங் மில் உண்டு. மனிதர் யாரையும் நிற்கவைத்துப் பேசமாட்டார். உட்காரவைத்து, டீ வரவழைத்து, குடிக்கச் சொல்லிவிட்டுத்தான் கழுத்தில் கைவைப்பார்.

"உங்களைக் குத்தஞ் சொல்லலீங்க மேடம். ஆனா ரிசல்ட் வேணுமில்லீங்களா? மெஷின் ஓடலைன்னா ஆப்பரேட்டரை மாத்தித்தானுங்க பாப்போம்? கோயமுத்தூர்ல வேல்குமார்னு ஒரு கோச் இருக்காரு. பேசி வெச்சிருக்கறேன்."

"சார், இன்னும் ஒரு மேட்ச் இருக்குதுங்க."

"இருக்குதுங்க. அதை ஜெயிச்சுக் காட்டுங்க, நீங்களே இருங்க. நான் வாக்கு மாறமாட்டேனுங்க. இல்லீன்னா திங்கக்கிழமை அவரு வந்துருவாரு."

டீயில் சர்க்கரை சரியாக இருந்தது. அதுவும் அவளுக்கு எரிச்சலாக வந்தது.

வீட்டில் சொன்னாள். கணவன் மோகன்ராஜ் சிறிய செக்கிங் யூனிட் ஒன்று நடத்துகிறான். ஏற்றுமதிக்குப் போகும் டிஷர்ட்டுகளில் ஓட்டை, அழுக்கு, தையல் விட்ட இடம் பார்த்துக் கொடுக்கும் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவளும் மேஜையில் நின்று பார்த்துக் கொடுப்பாள். "உடு ஜெயா. எதுக்கு அங்க போயி வெயில்ல நின்னு கத்தீட்டு? நம்ம டேபிளைப் பாத்துக்கிட்டு நிம்மதியா இரு" என்றான். பிரியமாகத்தான் சொன்னான். அந்தப் பிரியத்தைக் கேட்டபோதுதான் அவளுக்கு அந்த மேஜை கண்முன் வந்தது. அறுபது பெண்கள் "மிஸ், மிஸ்" என்று பின்னால் ஓடிவந்த ஒருத்தி, இனிச் சாகும்வரை டிஷர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். அன்று அவள் சாப்பிடவில்லை.

சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்குச் சொந்த மைதானத்தில் மேட்ச். தாராபுரம் பக்கத்துக் கல்லூரி அணி வேனிலிருந்து இறங்கியது. இறங்கியவர்களைப் பார்த்து ஜெயபாரதியின் பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். அதே சிவப்பு. அதே வெள்ளைக் கோடு. சட்டைக் கையில் அதே நட்சத்திரம். ஏதோ வெளிநாட்டு ஆர்டரில் மிஞ்சிய ஜெர்ஸியைக் காதர்பேட்டைக் கடைத்தெருவில் இந்தக் கல்லூரிக்காரர்கள் வாங்கியிருந்தார்கள். மிச்சத்தை வந்தவர்கள் வாங்கியிருக்கிறார்கள். உலகத்துக்கெல்லாம் துணி தைத்து அனுப்புகிற ஊரில் இருபத்திரண்டு பெண்களுக்கு இரண்டு நிறத்தில் சட்டை இல்லை!

ரெஃப்ரி டேனியல் நல்ல மனுஷன். ஜெயபாரதியைப் பத்து வருஷமாகத் தெரியும். "ரூல்படி லோக்கல் டீம்தானுங்க மேடம் மாத்தோணும். அரை மணி நேரம் தரேன்" என்றார்.

அவள் ஸ்கூட்டியை முறுக்கினாள். மோகன்ராஜின் யூனிட் பத்து நிமிஷ தூரம். செக்கிங் முடிந்த வெள்ளை டிஷர்ட் கட்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டாள். மேஜையில் கிடந்த மார்க்கரை எடுத்துப் பையில் போட்டாள். திரும்பி வந்து பிள்ளைகளை வரிசையாகக் குனியச் சொல்லி முதுகில் ஒன்று முதல் பதினொன்று வரை பெரிதாக எழுதினாள். ஊதா நிறம் பளிச்சென்று தெரிந்தது. அந்த மார்க்கர் எதற்கானது என்று அவளுக்குத் தெரியாதா? ஞாயிறுதோறும் அதைப் பிடிக்கிற கை அது. துணியில் குறை இருக்கும் இடத்தை அதில்தான் சுழித்துக் காட்டுவாள். குறையைச் சரிசெய்த பிறகு தண்ணீரைத் தெளித்தால் மை இருந்த சுவடு தெரியாமல் போய்விடும். அதற்காகவே விற்கிற மை. ஆனால் பதறிய கை பழகியதைத்தான் எடுக்கும், எடுத்தது.

ஆட்டம் தொடங்கியது. முப்பத்தொன்றாவது நிமிஷம் கேப்டன் கவிப்பிரியா இருபது கஜத்திலிருந்து அடித்த பந்து கோல்கீப்பரின் கைக்குக் கீழே புகுந்து உள்ளே போனது. பிள்ளைகளுக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. ஆஃப்சைடு விசில் வரும் என்று ரெஃப்ரியையே பார்த்தார்கள். வரவில்லை. பிறகுதான் கத்தினார்கள். இந்த சீசனில் அவர்கள் முந்தி நின்றது அதுதான் முதல் தடவை.

பின்வரிசையில் நடுவில் இரண்டு பேர். நான்காம் நம்பர் அனுப்பிரியா, ஐந்தாம் நம்பர் நித்யஸ்ரீ. ஒரே உயரம், ஒரே இரட்டைச் சடை. இரண்டு பேரையும் தள்ளி நின்று பார்த்தால் பெற்றவர்களுக்கே தடுமாறும். அனுப்பிரியா பேசவே மாட்டாள், ஆனால் பந்து எங்கே வரும் என்று அவள் காலுக்குத் தெரியும். பல்கலைக்கழக அணிக்கான செலக்‌ஷனுக்கு இந்தக் கல்லூரியில் அழைப்பு வந்தது அவள் ஒருத்திக்குத்தான். திங்கட்கிழமை போக வேண்டும். நித்யஸ்ரீ நேர்மாறு, வாயும் வேகம், காலும் வேகம். முதல் பாதியிலேயே ஒருத்தியின் சட்டையைப் பிடித்து இழுத்து மஞ்சள் கார்டு வாங்கிவிட்டாள்.

இரண்டாம் பாதியில் வெயில் சாயவேயில்லை. பிள்ளைகள் வியர்வையில் நனைந்து போனார்கள். ஜெயபாரதி கடிகாரத்தையும் பந்தையும் தவிர எதையும் பார்க்கவில்லை. எழுபதாவது நிமிஷம் எதிரணிப் பெண் ஒருத்தி பந்தோடு ஓரக்கோட்டை ஒட்டி ஓடிவர, நித்யஸ்ரீ பின்னாலிருந்து காலை விட்டு அவளைச் சாய்த்தாள். விசில். டேனியல் ஓடிவந்து மஞ்சள் கார்டை எடுத்தார். புத்தகத்தைத் திறந்து, முதுகைப் பார்த்து, அப்படியே நின்றார். நித்யஸ்ரீயின் முதுகில் நம்பர் இல்லை. பக்கத்தில் நின்ற அனுப்பிரியாவின் முதுகிலும் இல்லை. பதினொரு முதுகும் வெள்ளை வெளேரென்று இருந்தன.

அப்போதுதான் ஜெயபாரதிக்கு மார்க்கர் ஞாபகம் வந்தது. அடிப்பாவி, என்ன காரியம் பண்ணினாய் என்று தன்னையே கேட்டுக்கொண்டாள்.

"அந்தப் புள்ளைதானுங்க! முன்னாலயே கார்டு வாங்குனவ! சிவப்புக் காட்டுங்க!" என்று எதிரணி சூழ்ந்துகொண்டது. டேனியல் இரண்டு சடைகளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு கோட்டருகே வந்தார்.

"மேடம், நம்பரெல்லாம் போயிருச்சுங்க. இப்ப ஃபவுல் பண்ணுன புள்ளை யாருங்க? நீங்க சொன்னாச் சரிதான். நான் வேற யாரையும் கேக்கப் போறதில்லீங்க."

இருபது நிமிஷம் பாக்கி. பத்துப் பேரோடு ஆடினால் இந்த அணி இருபது நிமிஷம் தாங்காது. அது அவளுக்குத் தெரியும், அவள் பிள்ளைகளுக்கும் தெரியும். அத்தனை பேரும் அவள் வாயையே பார்த்தார்கள். அவள் அனுப்பிரியாவைப் பார்த்தாள்.

"நாலாம் நம்பருங்க. அனுப்பிரியா."

அனுப்பிரியா கையைத் தூக்கினாள். "நாந்தானுங் சார்." டேனியல் மஞ்சள் கார்டைக் காட்டி, எழுதிக்கொண்டார்.

அந்த இருபது நிமிஷம் போன விதத்தை என்ன சொல்வது! பிள்ளைகள் விழுந்தார்கள், எழுந்தார்கள், பந்தை ரோட்டுக்கு அடித்தார்கள். ஒருத்தி பந்துக்கு முகத்தையே கொடுத்தாள். விசில் ஊதியபோது ஒன்றுக்குப் பூஜ்யம். மைதானத்தின் நடுவில் பதினொரு பேரும் ஒருத்தி மேல் ஒருத்தி விழுந்து அழுதார்கள். கவிப்பிரியா ஓடிவந்து, "மிஸ், ஜெயிச்சுட்டோமுங் மிஸ்! நாம ஜெயிச்சுட்டோம்!" என்று அவளைத் தூக்கப் பார்த்து, முடியாமல் இரண்டு பேரும் புழுதியில் சரிந்தார்கள். ஜெயபாரதியும் அழுதாள். பொய் சொல்லி வாங்கிய சந்தோஷம்தான், இருந்தாலும் சந்தோஷம்.

போன் அடித்தது. மயில்சாமி. "சொன்னாங்க மேடம். சொன்ன சொல்லு சொன்னதுதான். நீங்களே இருங்க. வேல்குமார்கிட்ட நான் பேசிக்கறேன்."

மைதான ஓரத்துப் பந்தலில் டேனியல் மேட்ச் ஷீட்டை நீட்டினார். "கையெழுத்துப் போடுங்க மேடம். அப்புறம் ஒரு விஷயமுங்க. அனுப்பிரியாவுக்கு இந்த லீக்ல இது ரெண்டாவது மஞ்சள். ரெண்டு வாங்குனவங்களைச் செலக்‌ஷன்ல சேக்கறதில்லைன்னு இந்த வருஷம் ரூல் போட்டிருக்காங்க. திங்கக்கிழமை அந்தப் புள்ளையை அனுப்பி அலைய வெக்காதீங்க."

முதல் மஞ்சள் மூன்றாவது மேட்ச்சில் அனுப்பிரியா வாங்கியது. அந்த ரூல் வந்த சுற்றறிக்கையை நோட்டீஸ் போர்டில் ஒட்டியவளே ஜெயபாரதிதான். பேனா கையில் இருந்தது. ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். போட்டால் அவள் மிஸ். போடாவிட்டால் திங்கட்கிழமையிலிருந்து செக்கிங் மேஜை. கேட்க ஆளில்லை, சொல்ல ஆளில்லை. அவள் பந்தலுக்கு வெளியே பார்த்தாள். பிள்ளைகள் தண்ணீரை மேலே ஊற்றிக்கொண்டு ஆடினார்கள். அனுப்பிரியா சற்றுத் தள்ளி உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். ஜெயபாரதி பேனாவைக் கீழே வைத்தாள்.

"டேனியல் சார்" என்றாள். ஷீட்டை அவர் பக்கமே தள்ளினாள். "அது அனுப்பிரியா இல்லீங்க. நித்யஸ்ரீ. நான் பொய் சொல்லிப்போட்டேனுங்க."

டேனியல் ஷீட்டைக் கையில் எடுத்தார். "எங்கிட்டயாங்க மேடம்?" என்று மட்டும் கேட்டார்.

மற்றதெல்லாம் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. வெளியேற்றப்பட வேண்டியவளை வைத்து ஆடியதால் ஆட்டம் எதிரணிக்கு. எட்டு மேட்ச், எட்டுத் தோல்வி. அனுப்பிரியாவின் பெயருக்கு நேரே அன்று போட்ட மஞ்சள் குறி நீக்கப்பட்டது. மயில்சாமி போனில் கோபப்படவேயில்லை. "உண்மையைச் சொன்னீங்களே, அதுக்கு நன்றிங்க. வேல்குமாரை வரச் சொல்லிடறேன். ஸ்போர்ட்ஸ் ரூம் சாவியை ஆபீஸ்ல குடுத்துருங்க" என்றார்.

பிள்ளைகளுக்கு அவளே போய்ச் சொன்னாள். நித்யஸ்ரீ முகத்தை மூடிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். கவிப்பிரியா பையை எடுத்துக்கொண்டு நடந்தாள். அவள் பின்னால் ஒவ்வொருத்தியாக எழுந்து போனார்கள். வழக்கமாக "வாறோமுங் மிஸ்" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள். அன்று ஒருத்தியும் சொல்லவில்லை.

அனுப்பிரியா மட்டும் நின்றாள்.

"உனக்காகத்தான் கண்ணு சொன்னேன்" என்றாள் ஜெயபாரதி. "திங்கக்கிழமை நீ போலாம். உம்பேர்ல இப்ப அந்தப் பழைய கார்டு ஒண்ணுதான்."

"ரெண்டாவது கார்டுன்னு எனக்குத் தெரியுமுங் மிஸ். தெரிஞ்சுதான் கையைத் தூக்குனேன்."

"ஏன் கண்ணு?"

"எட்டு மேட்ச்சுங் மிஸ். ஒண்ணாச்சும் ஜெயிச்சோம்னு இருக்கட்டும்னு நெனச்சேன். எல்லாருக்கும் நாங் குடுத்ததுங்க அது." அந்தப் பெண் அத்தனை நேரம் பேசி ஜெயபாரதி கேட்டதேயில்லை. "எம்பேரைச் சொல்றப்பவும் என்னைக் கேக்கலீங்க. இல்லைன்னு சொல்றப்பவும் என்னைக் கேக்கலீங்க."

அனுப்பிரியா பூட்ஸைக் கையில் எடுத்துக்கொண்டு, வெறுங்காலோடு, மற்றவர்கள் போன வழியில் நடந்து போனாள்.